பாளையங்கோட்டை – தென்காசி தினசரி ஓட்டத்துக்கு மின்சாரக் கார் சரிப்படுமா?

கேள்வி சுருக்கமாக இது. வீடு பாளையங்கோட்டையில், வேலை தென்காசியில். போக வர நாளுக்கு 110 கி.மீ., மாதத்தில் 25 நாள். இடையிடையே நாகர்கோவில், மாதம் ஒரு தடவை திருச்செந்தூர், வருஷத்துக்கு இரண்டு தடவை சென்னை. கையில் இருப்பது லிட்டருக்கு 20 கி.மீ. தரும் டீசல் கார். கார் என்றால் உயிர். மின்சாரக் காரை ‘பொம்மை வண்டி’ என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இப்போது மனசு சாய்கிறது. எடுக்கலாமா? எடுத்தால் எங்கே மாட்டிக்கொள்வோம்? ஓட்டும் ருசி எப்படி இருக்கும்?

எடுக்கலாம், அண்ணாச்சி. ஆனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். நம்ம பக்கத்தில் மின்சாரக் கார் வாங்கி நொந்துபோகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை காரில் இருப்பதில்லை. வீட்டு எர்த்திலும் பிளக் பாயின்டிலும்தான் இருக்கிறது.

‘பொம்மை வண்டி’ என்று சொன்னதிலும் தப்பில்லை. 2001-ல் வந்த ரேவா மின்கார் லெட்-ஆசிட் பேட்டரியில் ஓடியது; முழு சார்ஜுக்கு 80 கி.மீ. அளவுதான். 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்வண்டி 30.2 யூனிட் (கிலோவாட்-அவர்) பேட்டரியோடு வந்தபோதுகூட, தென்காசி போய்விட்டு அங்கிருந்து வேறெங்காவது சுற்றப்போனால் கணக்குப் பார்க்கவேண்டி இருந்தது. இன்று 35 முதல் 50 யூனிட் வரை பேட்டரி உள்ள வண்டிகள் சாதாரணம். மாறியது உங்கள் மனசு மட்டுமில்லை, சரக்கும் மாறிவிட்டது.

முதலில் காசுக் கணக்கு. இதில்தான் விளம்பரம் ஒன்று சொல்லும், நம்ம ஊர் மின்கட்டண அட்டை வேறொன்று சொல்லும்.

நாலு வழிச்சாலையில் 70–80 கி.மீ. வேகத்தில் நடுத்தர அளவு மின்கார் பேட்டரியின் ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. தரும். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் 10 முதல் 15 சதவீதம் சார்ஜரிலும் வயரிலும் சூடாகப் போய்விடும். ஆக, மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று வையுங்கள். மாதம் 2,750 கி.மீ.க்கு 450 யூனிட். இரண்டு மாதப் பில்லில் 900 யூனிட் கூடும். வீட்டுக்கு ஏற்கெனவே 400 யூனிட் ஆகிறது என்றால் மொத்தம் 1,300.

இங்கேதான் சூட்சுமம். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் அடுக்கு முறை. 2025-ல் இருந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், 500 வரை சல்லிசு. 500-ஐத் தாண்டியதும் கீழ் அடுக்கில் இருந்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல், 1,000-ஐத் தாண்டினால் பதினோரு ரூபாய்க்கு மேல். 400 யூனிட்டுக்குச் சுமார் 1,200 ரூபாய் கட்டியவர் 1,300 யூனிட்டுக்குச் சுமார் 10,400 கட்டவேண்டி வரும். கூடுதலான 9,200 ரூபாயை 5,500 கி.மீ.க்குப் பிரித்தால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 67 காசு. ‘கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்’ என்று சொல்கிறவர் மாதம் 800 கி.மீ. ஓட்டுகிறவராக இருப்பார்.

அப்படியும் டீசலுக்கு லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 65 காசு ஆகிறது. மாதத்துக்கு எட்டாயிரம் ரூபாய் மிச்சம். சர்வீஸில் மிச்சமாவது தனி. 3 கிலோவாட் சோலார் மாடியில் போட்டால் நம்ம வெயிலுக்கு நாளுக்குச் சராசரி 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 720. அதை நெட் மீட்டரில் கழித்தால் 1,300 என்பது 580 ஆகிவிடும். பில் மூவாயிரத்துக்குள் அடங்கும். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. கார் பகலில் தென்காசியில்தானே நிற்கும் என்று யோசிக்கவேண்டாம். பகலில் லைனுக்குப் போவதை இரவில் எடுத்துக்கொள்வதுதான் நெட் மீட்டர். உங்களைப் போல ஓட்டம் அதிகம் உள்ளவர்களுக்கு காரும் சோலாரும் சேர்ந்தே வரவேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் ஆதாயம் பாதிதான்.

பேட்டரி வாடகைத் திட்டம் என்று ஒன்று காட்டுவார்கள். கார் விலை சில லட்சம் குறையும், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வாடகை. 2024 செப்டம்பரில் எம்ஜி கம்பெனியின் விண்ட்ஸர் மின்கார் வந்தபோது கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 50 காசு. நீங்கள் வருஷம் 33,000 கி.மீ. ஓடுவீர்கள். வாடகை மட்டும் 1,15,500 ரூபாய். கரண்டையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய்க்கு மேல் போய் டீசலையே தாண்டிவிடும். அது குறைவாக ஓடுகிறவருக்கான ஏற்பாடு. உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

வாரண்டியிலும் இதே கணக்குதான். ‘8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கி.மீ., எது முந்தியோ அது’ என்று எழுதியிருந்தால், உங்களுக்கு 8 வருஷம் என்பதைப் பேனாவால் அடித்துவிடுங்கள். ஐந்து வருஷம் முடியும் முன்பே 1.6 லட்சம் ஓடிவிடும். சில மாடல்களில் முதல் உரிமையாளருக்கு ஆயுள் வாரண்டி தருகிறார்கள். அதில் கிலோமீட்டர் வரம்பு உண்டா, எத்தனை வருஷத்தை ஆயுள் என்கிறார்கள், கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுவார்கள் என்ற மூன்றையும் வாரண்டிப் புத்தகத்தில் வாசித்துப் பாருங்கள். வாய்வார்த்தை எடுபடாது. விலை ஒப்பீட்டில் இன்னொன்றும் உண்டு: மின்காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலையை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் திரும்பப் போடவேண்டும்.

இனி வீட்டு வேலை. உங்களுக்குத் தினசரி சுவரிலிருந்து தேவை 18 யூனிட். 15 ஆம்ப் பாயின்டில் ஓடும் சார்ஜர் மணிக்கு 2.8 முதல் 3 யூனிட் கொடுக்கும். ராத்திரி பத்து மணிக்குச் சொருகினால் விடிகாலை நாலரைக்குள் முடிந்துவிடும். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் இல்லாவிட்டால் ஆகாது என்று விற்கிறவர் சொல்வார். உங்கள் ஓட்டத்துக்கு 15 ஆம்ப் போதும். ராத்திரியில் கரண்ட் அடிக்கடி போகும் தெரு என்றால் மட்டும் பெரியது உதவும், இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்பதால்.

ஆனால் அந்த 15 ஆம்ப் பாயின்ட், வாஷிங் மெஷினுக்குப் போட்ட பாயின்டாக இருக்கக்கூடாது. வாஷிங் மெஷின் முழு கரண்டை இழுப்பது கொஞ்ச நேரம். கார் ஆறேழு மணி நேரம் தொடர்ந்து 13, 14 ஆம்ப் இழுக்கும். சாதா சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்வி சூட்டில் தளரும். தளர்ந்தால் இன்னும் சூடாகும். ஆறு மாதத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி, பின் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள்: 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், 20 ஆம்ப் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்), முனையில் தொழிற்சாலைகளில் போடும் நீல நிற 16 ஆம்ப் சாக்கெட். அதற்குத் தகுந்த பிளக்கை உங்கள் சார்ஜருக்குக் கம்பெனி அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நல்ல ரகத்தில் கெட்டியான 16 ஆம்ப் சாக்கெட் போட்டு, வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. 7.2 கிலோவாட் போடுவதென்றால் 6 சதுர மில்லிமீட்டர் வயர், தூரம் 20 மீட்டரைத் தாண்டினால் 10 சதுர மில்லிமீட்டர்; கூடவே 40 ஆம்ப் எம்சிபி.

பாயின்ட் போட்ட முதல் நாள், ஒரு மணி நேரம் சார்ஜ் ஆனபின் பிளக்கையும் எம்சிபி முனையையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ ஸ்குரூ தளர்ந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மெயினை அணைத்து ஸ்குரூக்களை முறுக்கச் சொல்லுங்கள்.

எர்த் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டும். காரோடு வரும் சார்ஜர், எர்த் சரியில்லை என்று கண்டால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். ஃபிரிட்ஜும் கிரைண்டரும் எர்த் இல்லாமலே வருஷக்கணக்கில் ஓடும் வீடுகளில் இது முதல் நாளே தெரிந்துவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். எர்த் குழியின் மின்தடை 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. பாளையங்கோட்டையில் பல இடங்களில் நாலடி தோண்டினாலே பாறை. சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் தேரி மணல். தண்ணீர் நிற்காது, சித்திரை வைகாசியில் எர்த் குழி காய்ந்து போய்விடும். கரி, உப்பு போட்ட பழைய குழி என்றால் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலே பல வீடுகளில் சிவப்பு விளக்கு பச்சையாகிவிடும். புதிதாகப் போடுவதென்றால் 3 மீட்டர் செம்பு பூசிய ராடும் ரசாயனக் கலவையும் வைத்துப் போடுங்கள். பாறை என்றால் ஒரே ராடுக்கு மல்லுக்கட்ட வேண்டாம். மூன்று மீட்டர் இடைவெளியில் இரண்டு ராடு இறக்கி இணைத்துவிடலாம். சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டி ‘இப்ப ஓடும் பாருங்க’ என்பார்கள். ஓடும்தான். நியூட்ரல் அறுந்த அன்றைக்குக் காரின் தகட்டில் 230 வோல்ட் ஏறும். அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடாதீர்கள்.

மூன்று ஃபேஸ் வீடு என்றால் இன்னொரு பழக்கத்தை விடவேண்டும். ஒரு ஃபேஸ் போனதும் ஃபேஸ் சேஞ்சரைத் திருகி, இருக்கிற ஃபேஸில் வீட்டையே ஏற்றுவோமே, அது. காரும் ஏசியும் கீசரும் ஒரே ஃபேஸில் ஏறினால் மீட்டர் போர்டு கருகும். கார் லைனைச் சேஞ்சர் வழியாக விடாமல் ஒரே ஃபேஸில் நிரந்தரமாகக் கட்டுங்கள். இன்வெர்ட்டர் லைனிலும் தப்பித்தவறிக் கொடுத்துவிடக் கூடாது. ஒற்றை ஃபேஸ் வீடு என்றால் அனுமதிச் சுமை எவ்வளவு என்று மின்கட்டண அட்டையிலோ பில்லிலோ பாருங்கள். காருக்கு 3 கிலோவாட், ஏசிக்கு ஒன்றரை, தண்ணி மோட்டாருக்கு முக்கால் என்று கூட்டினால் பல வீடுகளில் எகிறும். மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்துச் சுமையைக் கூட்டிக்கொள்வது பெரிய செலவில்லை. ஐப்பசி இடிமழைக்குச் சர்ஜ் தடுப்பான் ஒன்று போர்டில் வையுங்கள். இடி கேட்டால் அன்றைக்கு ராத்திரி பிளக்கை உருவிவிடுவது இன்னும் நல்லது.

சரி, ரோட்டுக்கு வருவோம்.

உங்கள் தென்காசிப் பாதை மின்காருக்கென்றே போட்டது மாதிரி: ஏற்ற இறக்கம் குறைவு, ஆலங்குளம், பாவூர்சத்திரத்தில் வேகம் குறைந்து கூடும்போது பிரேக் சக்தி திரும்பப் பேட்டரிக்கு வரும். 35 யூனிட் பேட்டரியே போதும். 80 சதவீதத்தில் கிளம்பினால் போக வர ஓடிவிட்டு 35-ஐ ஒட்டி வந்து நிற்கும். பிரச்சினை காற்றுதான். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று சீறும். காலையில் தென்காசி போகும்போது நேர் எதிரே, சாயங்காலம் முதுகில். அதனால் ஒரு நாள் கூட்டுக்கணக்கில் பெரிய நஷ்டம் தெரியாது. காலையில் மீட்டரைப் பார்த்துப் பதறாமல் இருந்தால் போதும்.

நாகர்கோவில் பாதை அப்படியில்லை. வள்ளியூர் தாண்டிப் பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வரை காற்றாடிக் காடு. அவ்வளவு காற்றாடியை அங்கே கொண்டுபோய் நட்டதற்குக் காரணம் உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். நீங்கள் 90-ல் போகிறீர்கள், எதிர்காற்று 30 என்றால் வண்டிக்கு அது 120-ல் போகிற மாதிரி. காற்றெதிர்ப்பு மட்டும் 78 சதவீதம் கூடும். யூனிட்டுக்கு 7 தந்த வண்டி 5-க்கு இறங்கும். போக 80 கி.மீ.க்கு 16 யூனிட், வர 11, ஊருக்குள் சுற்ற 3, ஆக 30. 35 யூனிட் வண்டியில் நூறு சதவீதம் ஏற்றிப் போனாலும் திரும்பி வரும்போது 15-க்குக் கீழே நிற்பீர்கள். 45 யூனிட் வண்டியில் மூச்சுவிட இடம் இருக்கும். நாகர்கோவில் போக்கு அடிக்கடி உண்டென்றால் 45-க்குப் போங்கள். டீசல் காரிலும் இந்தக் காற்று எண்ணெயைக் குடிக்கத்தான் செய்கிறது. முள் மெதுவாக இறங்குவதால் நமக்கு உறைப்பதில்லை. எதிர்காற்றில் 90-ஐ 75 ஆக்கினால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும். ஏசியை அணைப்பதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

ஏசி ஓட்டத்தில் ஒரு யூனிட், ஒன்றரை யூனிட்தான் மணிக்கு. ஹைவேயில் அது தூசு. ஆனித் தேரோட்டத்தன்று திருநெல்வேலி டவுன் ரதவீதிப் பக்கம் ஒரு மணி நேரம் நகராமல் நின்றால் மட்டும் 10 கி.மீ. போயிருக்கும்.

மலை ஏற்றத்தையும் பயந்து சொல்வார்கள். ஆள் ஏறிய 1.6 டன் வண்டி 1,000 மீட்டர் உயரம் ஏற, தூரத்துக்கு ஆகும் செலவு போகக் கூடுதலாக 5 யூனிட் வேண்டும். இறங்கும்போது அதில் 3 திரும்ப வரும். அவ்வளவுதான் கணக்கு. மேலே உட்கார்ந்து நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கத் தொடங்கினால்தான் ஆபத்து. நிறைந்த பேட்டரிக்குள் சக்தி போக இடமிருக்காது, மோட்டார் பிரேக் பிடிக்காது, முழு பாரமும் சாதா பிரேக்கில் விழும். மலையில் தங்கினால் 85-க்கு மேல் ஏற்றாதீர்கள்.

சென்னைக்கு 600 கி.மீ.க்கு மேல். 45 யூனிட் வண்டியில் முதல் ஓட்டம் 220 கி.மீ., அதற்குப் பின் 80 சதவீதம் வரை ஏற்றி ஏற்றி 165 கி.மீ. வீதம் போனால் மூன்று நிறுத்தம், ஒவ்வொன்றும் முக்கால் மணி. வேக சார்ஜருக்கு யூனிட் 20 ரூபாய்க்கு முன்பின் ஆகும் என்பதால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய்க்கு மேல் போய்விடும், மிச்சம் சொற்பம். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாள் சார்ஜர் முன் நாலு கார் நின்றால் மூன்று மணி நேரம் தனி. 2023 செப்டம்பரிலிருந்து திருநெல்வேலிக்கு வந்தே பாரத் வந்துவிட்டது, நெல்லை எக்ஸ்பிரஸ் என்றைக்கும் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு பயணத்துக்காக 80 யூனிட் பேட்டரிக்குக் காசைக் கொட்டுவது, வருஷம் ஒரு தடவை வரும் அத்தைக்காக ஒரு மாடி கட்டின கதை.

வெளியூரில் வேக சார்ஜ் போடும்போது சில பழக்கங்கள் வேண்டும். 20, 25 சதவீதம் கையில் இருக்கும்போதே சார்ஜரை அடையுங்கள். போகும் இடத்துக்கு அடுத்த சார்ஜர் எது என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள். செயலியில் ‘கிடைக்கிறது’ என்று இருப்பதை நம்பாதீர்கள். கடைசியாக யாராவது வெற்றிகரமாகச் சார்ஜ் போட்டது என்றைக்கு என்று பாருங்கள். அந்த ஊர் துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றால் காலை ஒன்பதிலிருந்து மதியம் தாண்டியும் சார்ஜர் செத்துக்கிடக்கும். பேப்பரில் முந்தைய நாளே வந்துவிடும் செய்தி இது. ‘60 கிலோவாட்’ என்று எழுதியிருக்கும் இரட்டைத் துப்பாக்கி (காரில் சொருகும் முனை இரண்டு உள்ள) சார்ஜரில் இன்னொரு கார் நின்றால் பல இடங்களில் ஆளுக்கு 30 தான். உங்கள் கார் எவ்வளவு ஏற்கும் என்பதும் உண்டு. 80-க்கு மேல் வேகம் படுத்துவிடும், அங்கே காத்திருப்பது வீண். செயலிப் பணப்பையில் 500 ரூபாய் எப்போதும் இருக்கட்டும். ஹைவே ஓரத்தில் சிக்னல் இல்லாமல் ஓடிபி வராமல் நிற்பது சாதாரணம்.

சொருகியும் ஓடவில்லை என்றால்: முதலில் சார்ஜரில் இருக்கும் சிவப்பு அவசர பொத்தான் அமுங்கிக் கிடக்கிறதா பாருங்கள். யாராவது அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அதைத் திருகினால் வெளியே வரும். பிறகு துப்பாக்கியை உருவி, காரைப் பூட்டி, இரண்டு நிமிஷம் விட்டுத் திரும்பச் சொருகுங்கள். சொருகும்போது கேபிளின் கனத்தில் துப்பாக்கி தொங்கும். கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் பின் சரியாக உட்காரும். பின்களுக்குள் எறும்பும் குளவிக்கூடும் இருப்பது நம்ம பக்கத்தில் சகஜம், ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொருகுங்கள். துப்பாக்கி வெளியே வரமாட்டேன் என்றால் காரை அன்லாக் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பல கார்களில் கையால் விடுவிக்கும் கயிறு ஒன்று இருக்கும். அது எங்கே என்பதை டெலிவரி எடுக்கும் நாளிலேயே காட்டச் சொல்லுங்கள்.

பேட்டரி பராமரிப்பு உங்கள் வண்டிக்குள் இருப்பது எல்எஃப்பியா, என்எம்சியா என்பதைப் பொறுத்தது; இரண்டும் லித்தியம் பேட்டரியில் இரண்டு ரகம். எல்எஃப்பி என்றால் வாரம் ஒரு தடவை நூறு வரை ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் மீட்டர் காட்டும் சதவீதம் பிசகி 12-லிருந்து திடீரென்று 3-க்கு விழும். என்எம்சி என்றால் தினசரிக்கு 80 போதும். நூறு ஏற்றுவது வெளியூர் கிளம்பும் காலையில் மட்டும். எதுவானாலும் அக்னி நட்சத்திர வெயிலில் நிறைந்த பேட்டரியோடு நாள் பூரா நிறுத்தி வைக்காதீர்கள். தென்காசி ஆபீசில் வேப்பமர நிழல் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

நடுவழியில் நிற்க வைப்பது பெரும்பாலும் பெரிய பேட்டரி இல்லை, சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது படுத்தால் பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருந்தும் கதவுகூடத் திறக்காது. ரிமோட்டுக்குள் இருக்கும் சாவியைக் கழற்றிக் கதவைத் திறக்கத் தெரிந்திருக்கவேண்டும். மூன்று வருஷத்தில் மாற்றிவிடுங்கள். வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். சக்கரம் சுற்றினால் மோட்டார் கரண்ட் உற்பத்தி பண்ணும், காருக்குள் இருக்கும் இன்வெர்ட்டர் போய்விடக்கூடும். தட்டு லாரியில்தான் ஏற்றவேண்டும்.

பஞ்சர் கடையில் இன்னும் கவனம். சீமைக்கருவேல முள் நம்ம ஊரில் ட்யூப்லெஸ் டயரையும் விடாது. பல மின்கார்களில் ஸ்டெப்னி கிடையாது, பசையும் பம்பும்தான் இருக்கும். முள்ளுக்குப் பசை போதும், பக்கச்சுவர் கிழிந்தால் ஆகாது. முள்ளைப் பிடுங்காமல் காற்றடித்துக்கொண்டே கடைக்குப் போய்விடலாம். கடைக்காரர் பழக்கத்தில் ஜாக்கியை வண்டி நடுவில் கொடுப்பார். அங்கேதான் பேட்டரிப் பெட்டி. கதவுக்குக் கீழே ஓரத்தில் குறி போட்டிருக்கும் இடத்தில் மட்டும் கொடுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். கிராமத்து வேகத்தடைகளில் குறுக்காக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள். அடி தட்டி பெட்டியில் நசுங்கல் விழுந்தால் வாரண்டியில் வாயைத் திறக்க முடியாது.

திருச்செந்தூர், உவரிப் பக்கம் உப்புக்காற்றுக்கு வண்டியை அடியில் நல்ல தண்ணீரால் கழுவுவது டீசலுக்கும் பொருந்தும். இதில் கூடுதலாக ஒன்று: மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் டிஸ்க் சும்மா கிடந்து துருப்பிடிக்கும். வாரம் ஒரு தடவை, காலி ரோட்டில், மறுசேமிப்பை (பிரேக் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பும் அமைப்பை) குறைந்த நிலையில் வைத்து நாலைந்து முறை அழுத்திப் பிடித்தால் சுத்தமாகிவிடும்.

மழைக்குப் பயப்பட வேண்டாம், வெள்ளத்துக்குப் பயப்படுங்கள். பேட்டரிக்கு ஐபி67 தரம் என்றால் புது நிலையில் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி மணிக்கணக்கில் தேங்கும் தண்ணீருக்கு அது பதில் சொல்லாது. முழுகிய வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதும் காய்ந்ததும் சார்ஜ் போடுவதும்தான் பெரிய தப்பு. தொடாமல் தட்டு லாரியில் ஏற்றி அனுப்பவேண்டும். ஆற்றங்கரைத் தெரு என்றால் இன்சூரன்ஸில் பேட்டரிப் பாதுகாப்பு சேர்க்கையைக் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டும் ருசியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். டர்போ மூச்சுவாங்கும் அந்த ஒரு நொடி இதில் இல்லை. ஆலங்குளம் தாண்டி பஸ்ஸை முந்த மிதித்த உடனே போகும். கியர் போடும் சுகம் போய்விடும், அதற்கு மாற்று கிடையாது. பேட்டரி தரையில் கிடப்பதால் வளைவில் சாயாது. ஆனால் 200, 300 கிலோ கூடுதல் என்பது பள்ளத்தில் விழும்போது முதுகுக்குத் தெரியும், முன் டயரும் சீக்கிரம் தேயும். டெஸ்ட் டிரைவில் நாலு வழிச்சாலையில் 30 கி.மீ. ஓட்டக் கேளுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு 90-ல் போய் வந்து யூனிட்டுக்கு எத்தனை கி.மீ. என்று பாருங்கள். பேட்டரி 15 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது மிதித்தால் எவ்வளவு மந்தமாகிறது என்றும் முடிந்தால் பார்க்கவேண்டும். அதை எந்த ஷோரூமும் தானாகக் காட்டாது.

டீசல் காரை இப்போதைக்கு விற்காதீர்கள். புது வண்டியோடு ஒரு ஆடிக்காற்றும் ஒரு ஐப்பசி மழையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அதுவரை வாரம் ஒரு தடவை 20 கி.மீ.யாவது நாலு வழிச்சாலையில் வேகமாக ஓட்டுங்கள். அது பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு ரகம்) என்றால், வீட்டைச் சுற்றியே ஓட்டினால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். டேங்க்கை முக்கால் நிறைத்தே வையுங்கள், காலியாகக் கிடந்தால் உள்ளே ஈரம் கட்டும்.